போத்தலில் என் கையெழுத்து

அம்பிட்டிய
1989 ஜனவரி 17

றிஸ்வி,

இந்தக் கடிதத்தோட வர்ற கண்ணாடிக் குப்பியைப் பாத்துத் திறங்க. நாப்பது மில்லிகிராம்தான். அதுக்குப் பின்னால பதினொரு கிலோ காளானும் என்னுடைய ஏழு மாசமும் இருக்கு. நீங்க தும்மினா எல்லாம் போச்சு.

நீங்க இங்கிலாந்துக்கு, லீட்சுக்குப் படிக்கப் போறப்போ நமக்குள்ள என்ன பேச்சு? காளான்லருந்து மருந்தைப் பிரிச்செடுத்து, அதோட கட்டமைப்பைக் கண்டுபிடிக்கிறது நான். காளானே இல்லாம அதை இரசாயனமா ஒண்ணொண்ணா அடுக்கிக் கட்டுறது நீங்க. கட்டமைப்பைப் போன வருசமே அனுப்பிட்டேன், இந்தக் குப்பியோட என் பாதி முடிஞ்சிருச்சு. சீழ்க் கிருமி வளர்த்த தட்டுல ஒரு துளி விட்டேன். ஒரு ரூபாக் காசு அளவுக்குச் சுத்தியிருந்த கிருமி எல்லாம் செத்துப்போச்சு. எடுத்த அளவுகளை ஒரே தாள்ல ரெண்டு பக்கமும் எழுதியிருக்கேன். கடதாசிக்குத் தட்டுப்பாடு.

தெல்தெனியவுக்கு மேல எங்க தேயிலைத் தோட்டத்துல செடியைக் கவ்வாத்து வெட்டுற சின்னமுத்து அண்ணனை மறந்திருக்க மாட்டீங்க. உங்களுக்குக் கள்ளு வாங்கித் தரவான்னு கேட்டதும் உங்க முகம் செவந்துச்சே, அவர்தான். கத்தி பட்ட தன் காலுக்கு அவர் அரைச்சுப் பூசின காளான்தான் இது. பட்டுப்போன பலாக்கட்டையில மட்டும் முளைக்குது. பதினொரு கிலோவையும் அவரே வெட்டிக் கொண்டாந்தார்.

இங்க நிலைமை எழுதுற மாதிரி இல்ல. நேத்து பல்லேகலயில பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் எறக்கினாங்க. ரோட்டோரமா மூணு பேர் கெடந்தாங்க. ஒருத்தருக்கு முகமே இல்ல. பாத்துட்டு ஏறுங்கன்னாங்க. கண்ணை மூடிக்கிட்ட ஒரு அம்மாவோட கழுத்தைப் பிடிச்சுத் திருப்பிக் காட்டினாங்க. யார் கொன்னாங்கன்னு யாரும் கேக்கல. காட்டுல இருக்கிற கிளர்ச்சிக்காரச் சிங்களப் பையன்களும் சரி, ஜீப்புல வர்ற அரசாங்க ஆள்களும் சரி, இப்ப ஒரே மாதிரிதான் கொல்றாங்க.

நீங்க அங்க இருக்கிறது நல்லதுதான்.

பரிமளம்


லீட்ஸ்
1989 ஏப்ரல் 24

பரிமளம்,

உங்கட குப்பி ஒரு கீறலும் இல்லாம வந்து சேர்ந்திச்சி. நான் தும்மல்ல.

நல்ல செய்தியை முதல்ல சொல்றன். போன வருசம் நீங்க அனுப்பின கட்டமைப்பை வெச்சி, பதினாலு படியில அந்த மருந்துச் சேர்வையைக் கட்டி முடிச்சிட்டன். கடைசிப் படியில குடுவையின்ட அடியில பளிங்குப் படிகம் விழுந்திச்சி. உங்கட பளிங்கு உருகிற அதே சூட்டிலதான் என்டதும் உருகுது. எல்லா நிறமாலையும் அப்பிடியே ஒத்துப்போகுது.

ஆனா என்ட பளிங்கு ஒரு கிருமியையும் கொல்லுதில்ல.

அஞ்சு தரம் பார்த்தாச்சி. பேராசிரியர் சொல்றார், உங்கட பளிங்கில வேற என்னமோ கலந்திருந்திருக்கு, கொன்டது அந்தக் கலப்புத்தானாம். எனக்கும் அப்பிடித்தான் படுது. அம்பிட்டிய ஆய்வுகூடத்துச் சாமான்கள் என்ன நிலையில ஈக்கிது எண்டு எனக்குத் தெரியும்தானே. உங்கட கையைக் குறை சொல்லல்ல. கோவிக்காதீங்க.

நீங்க அனுப்பின நாப்பதும் சோதனையிலயே முடிஞ்சிட்டு. புதுசா ரெண்டு கிலோ காளானாவது வேணும். வெட்டின கையோட ஸ்பிரிட்டில போட்டு வைங்க, நீங்களே பிரிச்சி அனுப்பினாலும் சரி. என்ட உதவிப்பணம் டிசம்பரோட முடியுது. அதுக்கு முந்தி இது தீரல்லையெண்டால் வெறுங்கையோடதான் கண்டிக்கு வருவன்.

றிஸ்வி


அம்பிட்டிய
1989 ஜூன் 25

றிஸ்வி,

கலப்புன்னு எழுதியிருக்கீங்க. மூணு தடவை கரைச்சு மூணு தடவை பளிங்காக்கினேன். உங்க பேராசிரியர் சொன்னதை எழுதினது சரி. ‘எனக்கும் அப்பிடித்தான் படுது’ன்னு எதுக்கு எழுதினீங்க? ஒரே மேசையில மூணு வருசம் பக்கத்துல நின்னவர் நீங்க.

காளானுக்கு வர்றேன். ஆய்வுகூடத்துல வளர்த்து வச்சிருந்த தட்டெல்லாம் கரண்ட் இல்லாத பதினோரு நாள்ல அழுகிப்போச்சு. இனிக் காட்டுலதான் வெட்டணும். காட்டுக்குள்ள யார் போனாலும் பையன்களுக்குச் சோறு கொண்டுபோறவன்னு ஜீப்காரங்க புடிக்கிறாங்க. திரும்பி வந்தா, காட்டிக் குடுக்க வந்தவன்னு பையன்க புடிக்கிறாங்க.

எங்க செல்லப்பா மாமாவோட கடை உங்களுக்குத் தெரியும். இந்தியச் சாமான் விக்கக் கூடாதுன்னு பையன்க கதவுக்கு அடியில துண்டுக் கடதாசி போட்டிருந்தாங்க. மாமா எல்லாத்தையும் ஒளிச்சிட்டார், ஒரு மூட்டை வெங்காயத்தை மட்டும் மறந்துட்டார். வலது கையைக் கதவு நிலையில வச்சுக் கதவை அறைஞ்சாங்க. ஒரு தடவை இல்ல. மாமி எண்ணியிருக்காங்க, ஆறு தடவை. இப்ப மாமாவுக்குச் சோத்தை மாமிதான் ஊட்டிவிடுறாங்க.

இந்த ஊர்ல ரெண்டு கிலோ காளான் கேக்கிறீங்க.

மாட்டேன்னு சொல்லல. கொஞ்சம் பொறுங்க.

பரிமளம்


லீட்ஸ்
1989 ஆகஸ்ட் 9

பரிமளம்,

பொறுங்க எண்டீங்க. பொறுத்தன். ஒரு பார்சலும் வரல்ல.

செல்லப்பா மாமாட விசயம் வாசிச்சிக் கவலையா இருந்திச்சி. ஆனா என்ட உம்மாவும் கண்டியிலிருந்து எழுதுறா. சந்தை திறக்குதாம், பள்ளியில தொழுகை நடக்குதாம், ராத்தாட மகளுக்குக் கலியாணமும் பேசுறாங்களாம். ஊர் முழுக்க நெருப்பு இல்லையே.

ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்க. நீங்க பயப்பிடுறது காட்டுக்கா, அல்லாட்டி மறுபடி பிரிச்செடுத்தா முதல் தரம் பிழைவிட்டது வெளிய வந்திரும் எண்டா? பிழை எல்லாருக்கும் வரும். ஒத்துக்கொண்டா முடிஞ்சிச்சி. உங்கட மௌனத்துக்கு நான் இங்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் பேராசிரியர்ட முன்னால நின்டு விளக்கம் சொல்ல ஏலாது.

றிஸ்வி


அம்பிட்டிய
1989 ஒக்டோபர் 1

றிஸ்வி,

சின்னமுத்து அண்ணனைக் கொன்னுட்டாங்க.

உங்க ஆகஸ்ட் கடிதத்தை அவருக்குப் படிச்சுக் காட்டினது நான்தான். கோபத்துல படிச்சேன். கேட்டுட்டு, “அந்தத் தம்பி உன்னையப் பொய்க்காரிங்குதா? கொண்டா பையை” ன்னார். பையில ரெண்டு போத்தல் ஸ்பிரிட்டும், ஈரம் உறிஞ்சுற வெள்ளைக் குருணை ஒரு பொட்டலமும் வச்சுக் குடுத்தேன். போத்தல்ல லேபல் ஒட்டி, திகதியும் இடமும் எழுதினேன். எப்பவும் செய்றதுதான்.

அவர் சம்சாரம் ராக்கம்மா அக்கா வாசல்ல குறுக்க நின்னாங்க. “கத்தியோட காட்டுக்குள்ள போனா சுட்டுப்புடுவாங்க” ன்னாங்க. “கவ்வாத்துக்காரன் கத்தி இல்லாம போனாத்தாண்டி சந்தேகப்படுவான்” னு சிரிச்சுக்கிட்டே போனார். செப்டம்பர் பன்னண்டு, செவ்வாய்க்கிழமை.

காளான் கெடைச்சிருக்கு. ரெண்டு போத்தலும் நெறைய. பகல் ஒரு மணிக்குக் காட்டுலருந்து எறங்கி தெல்தெனிய ரோட்டுல பஸ்ஸுக்கு நின்னப்போ, நம்பர் இல்லாத ஜீப் ஒண்ணு வந்துச்சு. பையைக் கொட்டினாங்க. ஸ்பிரிட்டை மோந்து பாத்தாங்க. வெள்ளைக் குருணையைக் கையில ஏந்திக் காட்டி, குண்டு மருந்துன்னான் ஒருத்தன். அண்ணன் ரெண்டு கையையும் கூப்பி, “ஹது மாத்தயா, ஹது” ன்னார். காளான் ஐயா, காளான். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். போத்தலைத் திறந்து அவர் தலையில ஊத்தி, நெருப்புக்குச்சியைக் கிழிச்சுப் புடிச்சுக்கிட்டு, லேபல்ல எழுதினது யார்ன்னு கேட்டான். “காட்டுல கெடந்திச்சு” ன்னார். துவக்குப் பிடியால முழங்கால்ல அடிச்சாங்க. எலும்பு ஒடைஞ்ச சத்தம் பஸ்ஸுக்கு நின்ன வரிசையில இந்தப் பக்கம் கேட்டுச்சு. பிறகு வாயில அடிச்சாங்க. பல்லைத் துப்பிட்டு மறுபடியும் “ஹது” ன்னார். காலைப் பிடிச்சு இழுத்து ஜீப்புல எறிஞ்சாங்க.

மறுநாள் காலையில சந்தியில ரெண்டு டயர் மேல எரிஞ்சுக்கிட்டிருந்தார். பாதம் மட்டும் எரியாம வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. கத்தி பட்ட தழும்பைப் பாத்துத்தான் ராக்கம்மா அக்கா அடையாளம் சொன்னாங்க. கிட்டப் போக விடல. நெருப்பு அணையிற வரைக்கும் துவக்கோட ஒருத்தன் காவல் நின்னான்.

இதெல்லாம் அங்க நின்ன சனம் சொல்லிக் கேட்டது.

மூணு நாள் கழிச்சு ஆய்வுகூடத்துக்குப் போனேன். ஜனவரியில உங்களுக்கு அனுப்பின தாளோட கார்பன் பிரதியை எடுத்துப் பாத்தேன். ரெண்டாம் பக்கம், கீழருந்து மூணாவது வரி. என் பளிங்கு ஒளியைத் திருப்புற அளவு: கழித்தல் அறுபத்து நாலு. இடப்பக்கம்.

நீங்க கட்டின பளிங்கு எந்தப் பக்கம் திருப்புது, றிஸ்வி?

பரிமளம்


லீட்ஸ்
1989 டிசம்பர் 20

பரிமளம்,

கூட்டல் அறுபத்து நாலு.

வலப்பக்கம். உங்கட கடிதம் வந்த அண்டைக்கே அளந்திட்டன். அளக்க முந்தியே எனக்குத் தெரியும். இடக்கையும் வலக்கையும் மாதிரி. விரல், நகம், ரேகை எல்லாம் ஒண்டுதான், ஆனா இடக்கைச் சப்பாத்தை… பார்த்தீங்களா, எழுதக்கூட வருதில்ல. ஒரு காலின்ட சப்பாத்து மற்றக் காலுக்குப் போகாது, அதைத்தான் சொல்ல வந்தன். நான் கட்டினது மற்றக் கால். அதனாலதான் உருகுநிலை ஒத்துப்போச்சி, நிறமாலை ஒத்துப்போச்சி, கிருமி மட்டும் சாகல்ல.

உங்கட தாளை எடுத்துப் பார்த்தன். அந்த வரிக்குப் பக்கத்தில பென்சிலால ஒரு கேள்விக்குறி. என்ட கைதான். ஜப்பான்காரங்க ஒரு காளான்ல கண்டெடுத்த, இதுக்குக் கிட்டின சேர்வை ஒண்டு வலப்பக்கம் திருப்புது. அதனால இதுவும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். அம்பிட்டியவில இருக்கிற அந்தப் பழைய கருவி பிழை காட்டியிருக்கும் எண்டு நினைச்சன். நீங்க பிழையா வாசிச்சிருப்பீங்க எண்டு நினைச்சன். அந்தக் கேள்விக்குறியைப் போட்டிட்டு மறந்தும் போனன்.

உங்கட ஒரு வரியை நம்பியிருந்தா எனக்குக் காளானே தேவைப்பட்டிருக்காது.

அண்டையிலிருந்து ஏழு கிழமையா வேலையை விட்டு எழும்பல்ல. முதல் படியிலிருந்து மற்றப் பக்கமாக் கட்டினன். கழித்தல் அறுபத்து நாலு. கிருமி சாகுது. உங்கட கட்டமைப்பு சரி, உங்கட அளவு சரி, கலப்பு ஒண்டும் இருக்கல்ல. கட்டுரையில உங்கட பேர் வரும். சின்னமுத்து அண்ணன்ட பேரையும் போடச் சொல்லியிருக்கன்.

மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் இல்ல. ஒரு வரி எழுதுங்க. ஏசியாவது எழுதுங்க.

றிஸ்வி


அம்பிட்டிய
1995 மார்ச் 5

றிஸ்வி,

அஞ்சு வருசத்துல நீங்க போட்ட ஏழு கடிதத்துக்கும் நான் பதில் போடல. எல்லாத்தையும் படிச்சேன். கட்டுரையையும் படிச்சேன். நம்ம ரெண்டு பேர் பேரும், உங்க பேராசிரியர் பேரும் இருக்கு. கடைசியில சின்ன எழுத்துல, ‘காளானைச் சேகரித்துத் தந்த உள்ளூர்வாசி ஒருவருக்கு நன்றி’ன்னு இருக்கு. உள்ளூர்வாசி ஒருவர். எலிக்குக் குடுத்துப் பாத்ததுல சிறுநீரகம் கெட்டுப்போய், அந்த மருந்தையே கைவிட்டுட்டாங்கன்னும் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப எழுதுறதுக்குக் காரணம் வேற. காணாமப்போனவங்களையும் கொலையானவங்களையும் பத்தி விசாரிக்க ஒரு குழு போட்டிருக்காங்க. மே மாசம் கண்டியில உக்காருறாங்க. ராக்கம்மா அக்காவுக்கு இன்னும் மரணச் சான்றிதழ் குடுக்கல. பதிவுல, ‘குண்டு செய்யும் பொருட்களுடன் பிடிபட்ட பயங்கரவாதி’ன்னு இருக்காம். அந்தப் போத்தல்ல என்ன இருந்துச்சு, எதுக்காக இருந்துச்சுன்னு சொல்ல, உலகத்துல நம்ம ரெண்டு பேர்தான். காளான் கேட்டு நீங்க எழுதின ரெண்டு கடிதமும் என்கிட்ட இருக்கு. அதை எழுதினது நான்தான்னு நீங்க சத்தியக் கடதாசி ஒண்ணு அனுப்பணும்.

அனுப்பச் சொல்லிக் கேக்கிறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லியாகணும். அன்னைக்கு எழுதின கடிதத்துல ஒரு பொய் இருக்கு. அங்க நின்ன சனம் சொல்லிக் கேட்டதுன்னு எழுதினேன்.

நான் அங்க நின்னேன்.

பையை வாங்கிக்கிட்டுப் போக ஒரு மணிக்கு வர்றேன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன். பஸ்ஸுக்கு நின்ன பத்துப் பன்னண்டு பேர்ல நானும் ஒருத்தி. ஜீப் வந்தப்போ அவர் என்னைப் பாக்கல. ஒரு தடவைகூடத் திரும்பல. நெருப்புக்குச்சியைப் பிடிச்சுக்கிட்டு, எழுதினது யார்ன்னு அவங்க கேட்டப்போ, எனக்கும் அவருக்கும் நடுவுல எட்டடி. பிறகு ஒருத்தன் வரிசையில நின்ன எங்க ஒவ்வொருத்தர் முகத்துக்கு நேரயும் வந்து, இவனைத் தெரியுமான்னு கேட்டான். என்கிட்டயும் கேட்டான். “தன்னே நே மாத்தயா” ன்னேன். தெரியாது ஐயா. குரல்கூட நடுங்கல. அண்ணன் கேட்டிருப்பார்.

ராக்கம்மா அக்காவுக்கு இது தெரியாது. வருசா வருசம் திவசத்துக்குப் போறேன். பந்தியில என்னை முதல்ல உக்கார வைக்கிறாங்க.

உங்க கேள்விக்குறியைச் சொல்லிச் சொல்லி அஞ்சு வருசம் உங்களை மனசுக்குள்ள திட்டினேன். உங்களைத் திட்டுறவரைக்கும் என்னைப் பத்தி நெனைக்க வேண்டியிருக்கல.

பரிமளம்


லீட்ஸ்
1995 ஏப்ரல் 8

பரிமளம்,

சத்தியக் கடதாசியை இதோட வெச்சிருக்கன். வக்கீல் முன்னால கையெழுத்து வெச்சது. ரெண்டு கிலோ காளான் கேட்டது நான், ஸ்பிரிட்டில போடச் சொன்னதும் நான், உங்கட அளவை நம்பாம விட்டதும் நான், அந்தக் காளான் தேவையே இருக்கல்ல எண்டது வரைக்கும் எழுதியிருக்கன். அந்தக் கடைசி வரி வேணாம் எண்டார் வக்கீல். இருக்கட்டும் எண்டன்.

உடனே செய்யல்ல. உங்கட கடிதம் வந்து ஒரு கிழமை அலுமாரிக்குள்ளேயே கிடந்திச்சி. இப்ப இங்க எனக்கு விரிவுரையாளர் வேலை, பொஞ்சாதி, புள்ள. உம்மா இன்னமும் கண்டியில. அந்த ஜீப்பில வந்தவன் யாராவது இப்ப பெரிய பதவிக் கதிரையில இருந்தா என்ன செய்யிற எண்டு பயந்தன். நீங்க எந்த ஊர்ல இருந்துகொண்டு எழுதுறீங்க எண்டு நினைச்சப் பிறகு வெக்கமாப் போயிட்டு.

சின்னமுத்து அண்ணன்ட பேரைக் கட்டுரையில போட்டன். பேராசிரியர் வெட்டினார். நான் வாய் திறக்கல்ல. அதையும் உங்களுக்குச் சொல்லணும்.

நீங்க அங்க நின்டதைப் பற்றி, ‘நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பன்’ எண்டு எழுதிப்போட்டுப் பிறகு வெட்டினன். அது உங்களுக்கு ஆறுதல் இல்ல, எனக்குத்தான் ஆறுதல்.

விசாரணையில உங்கட பங்கைச் சொல்லணும் எண்டு கட்டாயம் இல்ல. என்ட கடதாசியே போதும். யோசிச்சிச் செய்ங்க.

றிஸ்வி


அம்பிட்டிய
1995 மே 24

றிஸ்வி,

நீங்க சொன்ன மாதிரி உங்க கடதாசியே போதுமாத்தான் இருந்துச்சு. குழுத் தலைவர் அதைப் படிச்சார், ரெண்டு கடிதத்தையும் பாத்தார், கட்டுரையைப் புரட்டினார். “சரி, நீங்கள் போகலாம்” னு சிங்களத்துல சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தமிழ்ல சொல்றதுக்கு முன்னாலயே எனக்கு வெளங்கிருச்சு. எந்திரிச்சேன். அதோட வெளிய வந்திருக்கலாம்.

பின்னால வாங்குப் பலகையில ராக்கம்மா அக்கா உக்காந்திருந்தாங்க. வெள்ளைச் சேலை, கையில குடை. அவங்க மூஞ்சியைப் பாத்ததும் போக முடியல.

“லேபல்ல எழுதினது நான்” ன்னேன். “அது புரிகிறது, உங்கள் ஆய்வுகூடத்துப் போத்தல்தானே” ன்னார் தலைவர். “எழுதினது யார்ன்னு அவங்க கேட்டப்போ நான் எட்டடி தூரத்துல நின்னேன். என்கிட்டயும் கேட்டாங்க. இவரைத் தெரியாதுன்னு சொன்னேன்” ன்னேன். மொழிபெயர்ப்பாளர் பொம்பளை அதைச் சிங்களத்துல சொல்லாம என்னையே பாத்துக்கிட்டிருந்தா. தலைவர் ரெண்டாம் தடவை கேட்ட பிறகுதான் சொன்னா. ஜீப்புல வந்த நாலு பேரோட அடையாளத்தையும் சொன்னேன். நெருப்புக்குச்சி பிடிச்சவனுக்கு இடது காதுல பாதி இல்ல. எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. புடிப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா எழுத்துல இருக்கு.

வெளிய படியில எறங்கினப்போ ராக்கம்மா அக்கா எனக்காக நின்னுக்கிட்டிருந்தாங்க.

“நீ நின்னியா?”

“நின்னேன்க்கா.”

“பாத்துக்கிட்டா நின்ன?”

“ஆமாக்கா.”

குடையால அடிச்சாங்க. முதல் அடி தோள்ல. அடுத்தது மூஞ்சியில, மூக்குக்கண்ணாடி தெறிச்சுப் படியில ஒடைஞ்சுச்சு. நான் கையைத் தூக்கல. குடைக் கம்பி வளையிற வரைக்கும் அடிச்சாங்க. அப்புறம் கையால அடிச்சாங்க. கண்டி டவுன் நடுவுல, பட்டப் பகல்ல, கூட்டம் கூடி நின்னுச்சு. ஒரு பொலிஸ்காரர் ஓடி வந்து அவங்க கையைப் பிடிச்சார். “விடுங்க, இது எங்க வீட்டு விசயம்” ன்னேன். அதைக் கேட்டதும் ராக்கம்மா அக்கா வாயில அடிச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்துட்டாங்க. ஆறு வருசமா அவங்க அப்படி அழுது நான் பாத்ததில்ல. பக்கத்துல உக்காரப் போனேன். தள்ளிவிட்டாங்க. நாலு படி தள்ளிக் கீழ உக்காந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. என் ரவிக்கையில ரத்தம் காஞ்சு ஒட்டிப்போச்சு.

எந்திரிச்சு மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, ஆபிசுல குடுத்த கடதாசியை என் மடியில போட்டாங்க. சான்றிதழுக்கான படிவம். சிங்களத்துல மூணு பக்கம்.

“இத நெரப்பணுமாம். எனக்கு எழுத்துத் தெரியாது. நாளைக்குத் தெல்தெனிய கச்சேரி ஆபிசுக்குப் போறேன், நீ வரணும். பஸ்ஸுல எம்பக்கத்துல உக்காராத. எங்கிட்டப் பேசாத. அவரு எப்புடிச் செத்தாருன்னு கேட்ட எடத்துல, நடந்தத எழுது. ஒண்ண விட்டாலும் எனக்குத் தெரிஞ்சிரும், பக்கத்து ஆளுகிட்டப் படிக்கச் சொல்லிக் கேப்பேன்.”

நேத்துப் போனோம். அவங்க முன் சீட்டுல, நான் கடைசியில. எனக்குக் கண்ணாடி இல்லாததால கடதாசியை மூக்குக்கிட்டப் பிடிச்சுக்கிட்டு எழுதினேன். எப்படிச் செத்தார்ங்கிற எடத்துல ரெண்டு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தாங்க. பின்பக்கம் முழுக்க எழுதினேன். அவங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. கச்சேரியில ஒரு கிளார்க்கைக் கூப்பிட்டு, மொத வரியிலருந்து சத்தமாப் படிக்கச் சொன்னாங்க. அவர் படிச்சு முடிச்சதும் அக்கா பெருவிரலை மையில தொட்டுக் கடதாசியில வச்சாங்க.

பரிமளம்